கூரைக்குக் கீழே பெய்த மழை

ஈப்போவில், காக்காய்கூடப் பறக்கச் சோம்பல்பட்டு நிழலோரமாக நடந்து போன ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் மழை பெய்ய வைத்தேன். அதுவும் வெளியில் இல்லை. கட்டடத்துக்குள்ளே, கூரைக்குக் கீழே. யாகம் வளர்க்கவில்லை. தவளைக்குக் கல்யாணம் செய்யவில்லை. ஒரு முழ நீளக் காகிதத்தைச் சுவரில் மாட்டினேன், அவ்வளவுதான். அன்றைக்குக் கிந்தா ஆறு ஓர் அங்குலம் ஏறியது என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். அந்தச் சிலரில் முக்கியமானவன் நான்.

நம்பாவிட்டால் பாதகமில்லை. அங்கேயே, முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பாஸ்கலே லேசில் நம்பவில்லை. வேறு யாரைக் குறை சொல்ல?

பாஸ்கலும் நானும் ரயில்வேயில் குமாஸ்தாக்களாக இருந்தவர்கள். அவர் டிக்கெட் சன்னலில், நான் சரக்குக் கொட்டகையில். இரண்டு பேரையும் ஒரே வருஷத்தில் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் ரயில்கள் நேரத்துக்கு ஓட ஆரம்பித்தன என்பது பொறாமைக்காரர்கள் கட்டிய கதை. ஓய்வு பெற்றதும் அவர் ஒரு குடை வாங்கினார். நான் ஒரு காமிரா வாங்கினேன். அவருடைய குடை சாமானியப்பட்டதல்ல. விரித்தால் தெலுக் அன்சன் சந்தையையே அதற்குக் கீழே கூட்டிவிடலாம். ஆனால் விரிக்க மாட்டார். கம்பியோடு ஒட்டச் சுற்றி, பட்டையை இழுத்துப் பொத்தான் போட்டு, கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு நடப்பார். மழை வந்தால் குடை நனைந்துவிடும் என்று கடைவாசலில் ஒதுங்கி நிற்பார். அப்படிப்பட்ட குடை.

என் காமிராவோ மூன்று கால், கறுப்புத் துணி, கண்ணாடித் தட்டு என்று ஒரு மாட்டுவண்டிச் சுமை. அதை வைத்து நான் எடுத்தவை மலை, ஆறு, மரம், மேகம். இதுதான் ஊருக்குப் பிடிபடவில்லை.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் படம் என்றால் ஆள். கல்யாணம் ஆனால் இரண்டு ஆள். ஊருக்கு அனுப்புவதற்கு நாற்காலியில் ஓர் ஆள், பக்கத்தில் பூச்சாடி. காலமாகிவிட்டால் நடுவில் ஓர் ஆள், சுற்றிலும் சொந்தக்காரர்கள். ஆளில்லாத படத்தை யாரும் கண்டதில்லை. சுண்ணாம்பு மலை ஒன்றை எடுத்து என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தவுடன் குரலைத் தணித்து, "யாரு தவறிட்டாங்க?" என்று என் மனைவி மங்களத்திடம் கேட்டார்கள். ஓர் அம்மாள் அழவே ஆரம்பித்துவிட்டாள். மங்களம் காப்பி கொடுத்துத் தேற்றி அனுப்பினாள்.

பாஸ்கல் அந்த மலைக்கு முன்னால் குடையை ஊன்றி நின்று, "மச்சான், இந்த மல ஒனக்குக் காசு குடுத்திச்சா?" என்றார்.

"இல்ல."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குதா?"

"இல்லலா."

"அப்புறம் என்னாத்துக்கு அதுக்குப் போட்டோ? கலரும் இல்ல. எங்க மாதா கோயில்ல வருசத்துக்கு ஒரு நாளுதான் சாம்பல் பூசுவாங்க. நீ செவுரு பூராவும் பூசி வச்சிருக்க."

இப்படிப்பட்ட மனிதருக்கு எதிரேதான் நான் மழை பெய்ய வைக்க வேண்டியிருந்தது.

அந்த மழையைப் பிடித்த இடம் கோலா கங்சாருக்கு அப்பால், மூங்கிலாற்றுத் தோட்டம். மங்களத்தின் தம்பி அங்கே கிராணி. தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. நாங்கள் விருந்துக்குப் போயிருந்தோம். நான் சாப்பாட்டை மறந்து, ஒரு நிரையின் தலைமாட்டில் காமிராவை நட்டேன். ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் சிப்பாய்கள் மாதிரி வரிசை பிடித்து, தூரத்து மலை வரை போயின. காலை வெட்டு முடிந்திருந்தது. பால் வடியட்டும் என்று ஆட்கள் எல்லாம் கொட்டகைப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். மரத்துக்கு மரம் கட்டியிருந்த மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், பால் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு மனிதத் தலை இல்லை.

அப்போது மலையடிவாரத்திலிருந்து மழை கிளம்பியது. அது விழுந்தது என்று சொல்ல மாட்டேன்; நடந்து வந்தது. கடைசி மரத்தை விழுங்கியது, அதற்கு முந்தின மரத்தை விழுங்கியது, வரிசை தப்பாமல் வந்தது. நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். மங்களம் குடை பிடித்தாள். எனக்கு இல்லை, காமிராவுக்கு.

"ஒங்களுக்குச் சளி பிடிச்சா கசாயம் வச்சிரலாம்," என்றாள். "இதுக்குப் பிடிச்சா யாரு வைக்கிறது?"

மழை அங்கே, வெளிச்சம் இங்கே. நடுவில் பாதி நனைந்த மரங்கள். மூடியைத் திறந்தேன், மூச்சைப் பிடித்தேன், மூடினேன். அந்த நொடி, என் காதுக்குப் பின்னால் ஓர் ஊதல் கிளம்பியது பாருங்கள்! முக்காலியில் ஒரு கால் தானாகவே மடங்கியது.

ஊதியவர் உடையப்பக் கங்காணி. வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை, கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, சங்கிலியில் பித்தளை ஊதல். அந்தத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். பால் எடுக்குமுன் மழை இறங்கினால், தண்ணீர் பட்டையோடு வழிந்து மங்கை நிரப்பிவிடும். காலையிலிருந்து பட்ட பாடு வெறும் வெள்ளைத் தண்ணீராகத் தரையில் ஓடும். அதனால் கங்காணிக்குக் கண் எப்போதும் வானத்தில். ஊதல் எப்போதும் உதட்டருகில். அது ஊதினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தின்றுகொண்டிருந்தவர் கையைக்கூட உதறாமல், வாளியைத் தூக்கிக்கொண்டு அவரவர் நிரைக்கு ஓடுவார்கள். கங்காணி ஊதலைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. தூக்கத்திலும் கழுத்தில்தான் இருக்கும் என்பார்கள். அவர் மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஆக, என் படம் அந்த ஊதலுக்கு ஒரு நொடி முந்தினது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவுக்குத் திரும்பியதும், ஸ்டூடியோ வைத்திருக்கும் ஆ செங்கிடம் கொடுத்து ஒரு முழ நீளத்துக்குப் பெரிதாக்கினேன். ஒரே ஒரு பிரதிதான் போட்டது. அடுத்த நாள் இன்னொன்று போடலாம் என்று கண்ணாடித் தட்டைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, எங்கள் வீட்டு நாற்காலியில் வைத்திருந்தேன். பாஸ்கல் வந்தார். குடையைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்தார். உட்கார்ந்தார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிக்குத்தான் காயம்.

அந்த வகையில் உலகத்திலேயே ஒன்றே ஒன்றாக ஆகிவிட்டது அந்தப் படம். நான் அதை நாள்முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் தலையில் இருப்பதைவிட அதிக வகை நரை அதில் இருந்தது. மங்களம் அடுப்படியிலிருந்து வந்து, மாவுக் கையோடு ஒவ்வொன்றாகச் சுட்டுவாள்.

"இது விபூதி. இது ஈயச் சட்டி. இந்த மேகம் இருக்கே, ஹுத்தான் மெலிந்தாங் ஊருக் கருவாட்டுத் தோலு, அப்படியே. இந்த மரத்துல நனையாத பக்கம் அடுப்புச் சாம்பல், நனைஞ்ச பக்கம் அடுப்புக் கரி."

உண்மைதான். நேரில் பார்த்தபோது எல்லாம் ஒரே பச்சையாக, கண்ணுக்குள் வந்து அப்பிக்கொண்டது. பச்சை விலகிய பிறகுதான், எந்த மரம் கிட்டே, எது எட்டத்தில், மழை எதுவரை வந்தது, எதுவரை வரவில்லை என்பதெல்லாம் கதவு திறந்தாற்போலத் தெரிந்தது. சுத்த வெள்ளை படத்தில் ஒன்றுதான்: மங்கில் நிறைந்திருந்த பால். கிட்டே சோழி அளவு, போகப் போகக் கடுகு அளவு, கடைசியில் மழைக்குள் புகுந்து காணாமல் போய்விடும். அதைப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிவிடுவேன். பலகாரம் தின்ற கையா என்று பாஸ்கல் விசாரிப்பார்.

அந்தச் சமயம் எங்கள் தமிழ் வாசகசாலையின் ஆண்டு விழா வந்தது. பாஸ்கல்தான் செயலாளர். முன்சுவரில் ஓர் ஆணி காலியாக இருந்தது. அங்கே தொங்கிய கடிகாரம் ஒருநாள் நின்று, பிறகு விழுந்தேவிட்டது. அந்த ஆணிக்கு என் மழையைக் கேட்டேன்.

"தாராளமா மாட்டலாம்," என்றார் பாஸ்கல். "ஆனா இப்படியே மாட்டுனா எவன் பாப்பான்? ஆ செங்குகிட்ட குடுத்துக் கலர் போட்ருவோம். மரத்துக்குப் பச்ச, வானத்துக்கு நீலம். ஓரத்துல ரெண்டு மயில் வச்சா அம்சமா இருக்கும்."

"மழைல மயிலு எங்கலா வரும்?"

"மழைன்னு நீதான் சொல்ற. பாக்குறவனுக்கு அது செவுத்துல பிடிச்ச பாசி."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "இந்தப் படத்தப் பாத்து, ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு நிமிசம், நெசமாவே மழைன்னு நெனைச்சாப் போதுமா?" என்று கேட்டுவிட்டேன்.

பாஸ்கலின் முகத்தில் சம்பளநாள் வெளிச்சம் வந்தது. "போதும். ஆணி ஒன்னுது. அப்படி ஒருத்தனும் நெனைக்கலன்னா, அங்கேயே, எல்லாரு முன்னாலயும் பச்ச."

"சரி," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மங்களத்திடம் ஒப்பித்தேன். அவள் படத்தைப் பார்த்தாள். "வேற காப்பியும் இல்லியே," என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு தடவை பச்சை ஏறினால் ஏறினதுதான். அந்த மழை இனி எந்தக் காலத்திலும் அந்த நிரையில் அப்படி நடந்து வரப்போவதில்லை.

விழா நாளன்று வெயில் தார் ரோட்டைப் பாயசமாகக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அனல் உள்ளே வராமல் இருக்க சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டார்கள். மூங்கிலாற்றுத் தோட்டத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள், கங்காணி தலைமையில் வந்து இறங்கினார்கள். கோட்டு, தலைப்பாகை, சங்கிலி, ஊதல், எல்லாம் வந்திருந்தன. பந்தி முடிந்து, வயிறு நிறைந்து, எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். சாம்பார் வாளிகள் கதவோரம் வரிசையாக இருந்தன. பக்கத்து மேசையில் ஆ செங் சாயப்பெட்டியைத் திறந்து, தூரிகைகளைப் பெரியது சின்னது பார்த்து அடுக்கினார். பாஸ்கல், நீதிபதி மாதிரி முதல் நாற்காலியில், முழங்கால்களுக்கு நடுவே குடையோடு.

படத்தின் மேல் மங்களம் தன் கைத்தறிச் சேலையைப் போர்த்தியிருந்தாள். அவளே உருவினாள்.

ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தது. கதவிடுக்கு வழியாக வந்த வெளிச்சம் நேராகப் படத்தில் விழுந்தது. நான் கூட்டத்தின் முகங்களைப் பார்க்கவில்லை, பயம். என் மழையையே பார்த்தேன். அன்றைக்குப் பார்த்து அது இன்னும் நாலு மரம் முன்னால் வந்திருந்த மாதிரி இருந்தது. இதை நான் கோயிலில் வைத்து வேண்டுமானாலும் சொல்வேன். எந்தக் கோயில் என்பதை மட்டும் நானே தேர்ந்தெடுப்பேன்.

உடையப்பக் கங்காணி உண்ட மயக்கத்தில் கண்ணைப் பாதி மூடியிருந்தார். திறந்தார். எதிரே மேகம் கறுத்து நிற்கிறது. நிரை முழுக்க மங்கில் பால் அப்படியே இருக்கிறது. ஒருத்தன் எடுக்கவில்லை! அவர் கை அவரைக் கேட்கவில்லை. ஊதல் உதட்டுக்குப் போனது.

அதற்கப்புறம் நடந்ததை நான் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. ஊதல் கேட்டதும் பாய் மொத்தமும் எழுந்தது. வாளி எங்கே, வாளி எங்கே என்று தேடிய கைகளுக்குச் சாம்பார் வாளிகள் அகப்பட்டன. கதவு பிய்ந்துகொண்டது. ஓடுகிறவர்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் "மழை! மழை!" என்று கூவி, மூலையில் குவித்திருந்த குடைகளுக்குச் சண்டை போட்டார்கள். ஆ செங் சாயப்பெட்டியைப் படாரென்று மூடி, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு கிழவர் வாசலில் காய்ந்த தம் மிளகாயை அள்ள ஓடினார். அவர் வீடோ பல மைல் தள்ளி, பீடோரில்.

வெளியே கொளுத்தும் வெயில். வாசகசாலை முற்றத்தில் இருந்ததோ ஒரே ஒரு ரம்புத்தான் மரம். அதைச் சுற்றி அத்தனை பேரும், கையில் சாம்பார் வாளியோடும் தலைக்கு மேல் குடையோடும் நின்று, உள்ளங்கையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள்.

எனக்குக் கால் தரையில் இல்லை. "பாத்தியா! பாத்தியா!" என்று குதித்தேன்.

எல்லாரும் வியர்வையோடு திரும்பி வந்து உட்கார்ந்ததும் பாஸ்கல் தொண்டையைச் செருமினார். "கங்காணியாரே, மழைன்னு நெனைச்சா ஊதுனீங்க?"

கங்காணி தலைப்பாகையைச் சரி செய்தார். காகிதத்தைப் பார்த்து ஏமாந்தார் என்று தோட்டத்தில் பரவினால் நாளைக்கு எவன் அவர் ஊதலுக்கு ஓடுவான்? "ஊதல்ல தூசி அடைச்சிருந்திச்சி," என்றார். "ஊதிப் பாத்தேன். அவ்ளோதான்."

"நீங்கள்லாம்?" என்றார் பாஸ்கல் பாயைப் பார்த்து.

"அவரு ஊதுனாரு, நாங்க ஓடுனோம்," என்றாள் காளியம்மா என்ற பெண், வாளியை முந்தானையால் மறைத்தபடி. "படத்த யாரு பாத்தா?"

ஊர்க்காரர்களோ தோட்டத்துக்காரர்கள் ஓடியதால் ஓடினார்களாம். ஆ செங்கைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"ஆக, ஊதலுக்குத்தான் ஓடியிருக்கானுங்க," என்றார் பாஸ்கல். "படத்துக்கு இல்ல மச்சான். நாயந்தானே?"

நாயந்தான். நான் ஆ செங்குக்கு வழி விட்டு ஒதுங்கினேன். மங்களம் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஆ செங் பெட்டியைத் திறந்து, கிண்ணத்தில் சாயத்தைக் குழைத்தார். கிளிகூட வெட்கப்படும் பச்சை. பெரிய தூரிகையை அதில் தோய்த்து எடுத்து, படத்துக்கு முன்னால் போய் நின்றார். அவரும் கொஞ்சம் தயங்கினார் என்றுதான் நினைக்கிறேன். எங்கே தொடங்குவது என்று தேடி, கடைசியில் தூரத்து மரங்கள் மழைக்குள் கரைகிற இடத்துக்குத் தூரிகையைக் கொண்டு போனார். "ஹிஜாவ்?" என்றார் திரும்பிப் பார்த்து. பச்சைதானே என்று.

தூரிகை முனையில் ஒரு சொட்டு உருண்டு திரண்டது.

"இருலா," என்றார் பாஸ்கல்.

ஆ செங் நின்றார்.

"அங்க எப்படிப் பூசுவ? அங்கதான் மழை நிக்கிதே. அதுக்கு அந்தாண்ட மரம் எப்படிப் பச்சையாத் தெரியும்?"

"சரி, அப்ப இங்க?" ஆ செங் தூரிகையை நடுவில் இருந்த ஒரு மரத்துக்குக் கொண்டுவந்தார்.

"அது நனைஞ்ச மரம். நனைஞ்சா கறுப்பாத்தான் இருக்கும்."

"மேல நீலம்?"

"வானம் மூடிக் கெடக்கு! நீலத்துக்கு எங்க போறது?" பாஸ்கல் எழுந்தே விட்டார். எழுந்தபோது அவர் காலடியில் என்னமோ சரிந்தது. மங்களம் குனிந்து பார்த்தாள்.

"பாஸ்கலண்ணே."

"என்னாம்மா?"

"ஒங்க கொடை ஏன் வவ்வாலு மாதிரி கெடக்கு?"

எல்லாரும் பார்த்தோம். அந்தக் குடை, கம்பியோடு ஒட்டச் சுற்றிப் பொத்தான் போட்ட அந்தக் குடை, நாற்காலிக்கு அடியில் பாதி விரிந்து, பட்டை அவிழ்ந்து, அவசரமாகத் திணித்த கோலத்தில் கிடந்தது.

"காத்துல தொறந்திருக்கும்," என்றார் பாஸ்கல்.

"சன்னலெல்லாம் சாத்தியிருக்கே, அண்ணே."

"கூட்டம் ஓடுச்சில்ல, அந்தத் தள்ளுமுள்ளுல..."

"நீங்க எடத்த விட்டு எந்திரிக்கவே இல்லியே. ஊதல் சத்தத்துக்குத் திரும்பிப் பாத்தேன். நீங்க நாற்காலிக்கு அடியில எதையோ அமுக்கிக்கிட்டு இருந்தீங்க."

பாஸ்கல் குடையைப் பார்த்தார். தூரிகையைப் பார்த்தார். அதன் முனையில் இருந்த பச்சைச் சொட்டு விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் என் மழையைப் பார்த்தார், வெகுநேரம், பொறுமையாக. இத்தனை மாதம் என் வீட்டில் அவர் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு பாதி விரிந்த அந்தக் குடையை எடுத்து, ஆ செங்குக்கும் படத்துக்கும் நடுவில் முழுசாக விரித்துப் பிடித்தார். சொட்டு குடைத் துணியில் விழுந்தது.

"ஊதல் ஊதுறதுக்கு முன்னாடியே விரிச்சிட்டேன் மச்சான்," என்றார், குடைக்குப் பின்னாலிருந்து. "மொதல்ல முழங்கை குளுந்திச்சி. அப்புறந்தான் கை கொடைக்குப் போச்சி. பேஞ்சிச்சிலா. மழை பேஞ்சிச்சி."